வேட்டி பறந்தால் கரவன் போகாது

நான் வேலையிலிருந்து ஓய்வு பெற்றது சென்ற வருடம். என்னை வேலையிலிருந்து நீக்கியது அதற்கு வெகு காலம் முன்னர். இரண்டுக்கும் இடையில் ஒழுங்காக வேலைக்குப் போய்வந்தேன், சம்பளமும் வாங்கினேன். இது எப்படி என்று கேட்பவர்களுக்கு ஒரு கல்யாணத்தையும் ஓர் அம்மியையும் ஒரு பட்டு வேட்டியையும் பற்றிச் சொல்ல வேண்டியிருக்கிறது.

எழுதத் தூண்டியவள் துஷா. நான் வேலை செய்த இடத்தில் இப்போது கரவன் இழுக்கிற பிள்ளை. போன மாதம் லண்டன் ஸ்ட்ரெதமில் தமிழ்க் கடையொன்றில் வெண்டைக்காய் தெரிந்தெடுத்துக்கொண்டு நின்றபோது என்னைக் கண்டுவிட்டாள்.

"அங்கிள், புதுக் கார் வந்திருக்கு. பின்னால கரவன் ஆடத் தொடங்கினா அதுவே கண்டுபிடிச்சுத் தானாப் பிறேக் பிடிக்கும். நீங்கள் எல்லாம் காத்துக்குள்ள என்னத்தை வைச்சுச் சமாளிச்சனீங்கள்?"

"வேட்டியை வைச்சு" என்றேன்.

அவள் சிரித்தாள். பகிடி என்று நினைத்திருப்பாள். விளங்கப்படுத்துவதற்குள் பஸ் வந்துவிட்டது, ஓடிவிட்டாள். வெண்டைக்காயும் கையுமாக நின்ற எனக்கு மனம் ஆறவில்லை.

கரவன் என்றால் தெரியாதவர்களுக்கு: காருக்குப் பின்னால் கொளுவி இழுத்துப்போகிற, சில்லுப் பூட்டிய சின்ன வீடு. கட்டில், அடுப்பு, கழிப்பறை, ஜன்னல் திரை எல்லாம் உண்டு. இந்த நாட்டுச் சனம் கோடை வந்தால் நல்ல சூடான வீட்டைப் பூட்டிவிட்டு, இந்தச் சின்ன வீட்டை இழுத்துக்கொண்டு போய் ஒரு புல்வெளியில் நிறுத்தி, உள்ளே இருந்து மழையைப் பார்த்தபடி தேநீர் குடிப்பார்கள். வீடு வாசலை விட்டு ஓடிவந்து, நிலையாக ஒரு கூரை கிடைக்காதா என்று ஏங்கிய எனக்கு, இருக்கிற வீட்டை விட்டு ஓடுகிறவர்களைப் பார்க்க முதலில் சிரிப்பு வந்தது. பிறகு அவர்கள் புண்ணியத்தில்தான் என் வீட்டில் உலை கொதித்தது என்பதால் சிரிப்பதை நிறுத்திக்கொண்டேன்.

குரோய்டனில் குடிவரவு அலுவலகத்தின் பெரிய கட்டடத்தில் காத்துக் கிடந்து விசா கிடைத்த பிறகு, எல்லாரும் பார்த்த வேலைகளையே நானும் பார்த்தேன். பெற்றோல் நிலையத்தில் இரவு ஷிப்ட், பார்சல் வான், மினிகாப். அப்படியிருக்க, குரோய்டனுக்கு வெளியே எங்கள் ஆள் ஒருவர் கரவன் யார்ட் வைத்திருக்கிறார், வாடகைக்கு எடுப்பவர்களின் இடத்துக்குக் கரவனை இழுத்துக் கொண்டுபோய் விடச் சாரதி தேடுகிறார் என்று கேள்விப்பட்டுப் போனேன். அவர்தான் ராசதுரை அண்ணை. என்னிடம் ஒரேயொரு கேள்வி கேட்டார்.

"பின்னுக்குப் போகத் தெரியுமோ?"

தெரியும் என்றேன். தெரியாது. கரவனைக் கொளுவிக்கொண்டு பின்னால் போகும்போது, இடப்பக்கம் போக வேண்டுமென்றால் ஸ்டியரிங்கை வலப்பக்கம் திருப்ப வேண்டும். முதல் மாதம் நான் இடித்து வீழ்த்திய வேலிக்கட்டைகளை அடுக்கி ராசதுரை அண்ணை தன் வீட்டில் ஒரு கோழிக்கூடே கட்டினார். பயிற்சிக் காலத்தைப் பற்றி இதற்கு மேல் சொல்ல ஒன்றுமில்லை.

ராசதுரை அண்ணை குளிருக்குப் போடும் கம்பளிச் சட்டைக்கு மேலே கழுத்துப்பட்டி கட்டுவார். கரவனை 'அது' என்று சொல்லமாட்டார், 'அவ' என்றுதான் சொல்வார். "அவவுக்கு இண்டைக்கு மனம் சரியில்லை" என்றால் ஏதோ ஒரு ரயரில் காற்றுக் குறைவு என்று அர்த்தம். ஒருநாளும் சத்தம் போட்டுப் பேசமாட்டார். கோபம் வந்தால் மரியாதைதான் கூடும். சாதாரணமாக என்னைக் குணம் என்று கூப்பிட்டு நீ என்பார். லேசாகக் கோபம் வந்தால் நீர். 'திரு. குணரத்தினம், நீங்கள்' என்று தொடங்கினால், கேட்டுக்கொண்டிருப்பவர்கள் மெதுவாக வெளியே போய் நின்று சிகரெட் பற்றவைப்பார்கள்.

வேலையில் அவர் வைத்திருந்த முறைகள் மூன்று.

முதலாவது, பாரம். கரவனில் பாரமான சாமான் எல்லாம் சில்லுக்கு மேலேயும் அதற்குச் சற்று முன்னாலும் தரையோடு இருக்க வேண்டும். காரில் கொளுவுகிற முன்முனையை மூக்கு என்போம், பின்முனையை வால் என்போம். மூக்கு கொஞ்சம் அமுக்க வேண்டும், வால் இலேசாக இருக்க வேண்டும். வாலில் பாரம் ஏறினால், காற்றடிக்கும்போது கரவன் இடமும் வலமுமாக ஆடத் தொடங்கும். நாய் வாலை ஆட்டுவது போய் வால் நாயை ஆட்டும். இதற்காக, நாங்கள் உடம்பு நிறை பார்க்கிற சின்னத் தராசை மூக்கின் கீழே வைத்துப் பார்ப்பார். வீட்டில் அதே தராசில்தான் கமலாக்கா, அவருடைய மனைவி, தன் நிறையைப் பார்ப்பதாகக் கேள்வி. அவர் பார்த்த பிறகு அண்ணை அதை யார்ட்டுக்குக் கொண்டுவரும் நாட்களில் முள் சரியாக நிற்காது. அக்கா கோபத்தில் அதை எறிந்திருப்பார் என்பது எங்கள் ஊகம்.

இரண்டாவது, சுற்று. புறப்படும் முன் கரவனை மூன்று முறை சுற்றி நடப்பார். முதற்சுற்றில் ரயர், இரண்டாவதில் விளக்கு, மூன்றாவதில் கதவும் ஜன்னலும். கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு வாய்க்குள் முணுமுணுத்தபடி அவர் நடக்கிறபோது, பக்கத்து யார்ட்டு வெள்ளைக்காரர் தொப்பியைக் கழற்றிக்கொண்டு நிற்பார். பிரார்த்தனை என்று யாரோ அவருக்குச் சொல்லிவிட்டிருந்தார்கள்.

மூன்றாவது, வேட்டி. யார்ட்டின் மூலையில் ஓர் உயரமான கம்பம். அதன் உச்சியில் அண்ணையின் பழைய வேட்டி ஒன்று கட்டியிருந்தது. வேட்டி தொங்கினால் போகலாம். படபடத்தால் மெதுவாகப் போகலாம். விறைத்துக்கொண்டு நின்றால் கேத்திலை அடுப்பில் வைக்கலாம். வாடிக்கையாளர் அழுதாலும் சரி, கத்தினாலும் சரி, வேட்டி விறைத்தால் கரவன் போகாது.

வழியில் ஆட்டம் வந்துவிட்டால் செய்யவேண்டியதையும் சொல்லித் தந்தார். "ஒண்டும் செய்யாத. பிறேக்கை மிதிக்காத. ஸ்டியரிங்கோட சண்டை பிடிக்காத. நேராப் பிடிச்சுக்கொண்டு, காலை மெதுவா எடு. வாயையும் மூடிக்கொண்டிரு." எங்கள் ஆட்களுக்கு ஒன்றும் செய்யாமல் இருப்பதைவிடக் கஷ்டமான வேலை வேறு கிடையாது. புதிதாக வந்த சாரதிகள் பலர் இதில்தான் விழுந்தார்கள்.

இந்த வேட்டிதான் அண்ணைக்கு மருமகனைக் கொண்டுவந்தது. அவருடைய ஒரே மகள் அபி அப்போது யார்ட்டு அலுவலகத்தில் தொலைபேசியைப் பார்த்துக்கொண்டிருந்தாள். ஒரு சனிக்கிழமை இல்ஃபோர்டிலிருந்து கார்த்திக் என்ற பையன் கரவன் எடுக்க வந்தான். சென்னைக்காரன், கம்ப்யூட்டர் வேலை. கடற்கரைக்குப் போகத் திட்டம். அண்ணை கம்பத்தைக் காட்டினார். வேட்டி விறைத்து நின்றது.

"இண்டைக்கு அவ போகமாட்டா" என்றார்.

"யாரு சார்?"

"கரவன்."

"சார், வேட்டிய வச்சு முடிவு பண்ணாதீங்க. என்கிட்ட மூணு ஆப் இருக்கு. இருங்க, காட்டறேன்." ஓர் ஆப் இளந்தென்றல் என்றது. இன்னொன்று புயல் என்றது. மூன்றாவது தன்னைப் புதுப்பிக்கச் சொல்லிக் கேட்டது. அண்ணை கேத்திலைப் போடச் சொன்னார். அபி தேநீர் ஊற்றினாள். அடுத்த வாரமும் கார்த்திக் வந்தான், வேட்டி விறைத்தது, தேநீர். அதற்கடுத்த தடவையும் அப்படியே.

"பாவம் பெடியன், ராசியில்லாதவன். அவன் வாற நாளெல்லாம் காத்து" என்று அண்ணை உண்மையிலேயே கவலைப்பட்டார். எனக்குத்தான் விஷயம் பிடிபட்டது. பையன் இப்போது ஒரேயொரு ஆப்பை வைத்துக்கொண்டு, புயல் வரும் நாளாகப் பார்த்துக் கரவன் பதிவு செய்கிறான். கரவன் போகாது, தேநீர் வரும். அந்த ஆப் ஒருநாளும் பிழை விடவில்லை. காற்றே அடிக்காத ஒரு நாளிலும், கரவன் பதிவு செய்யாமலே, அவன் வந்து நின்றபோதுதான் அண்ணைக்குப் பொறி தட்டியது. கமலாக்கா ஒருநாள் மட்டும் சாப்பிடவில்லை. பிறகு கல்யாணத்துக்குச் சம்மதித்துவிட்டார்கள்.

பதிவுத் திருமணம் கவுன்சிலில் முன்பே முடிந்தது. தாலி கட்டுகிற கல்யாணத்துக்கு, பிள்ளைகள் ஆசைப்பட்டபடி கென்ட் கரையோரம் கடலைப் பார்த்த ஒரு மண்டபம் எடுத்தார்கள். மண்டபத்தில் மணப்பெண் உடை மாற்ற ஒழுங்கான அறை இல்லை. அண்ணை நெஞ்சை நிமிர்த்தினார். "என்னட்டை இல்லாத அறையோ? ஆகப் பெரிய கரவனைக் கொண்டுபோவம். குணம், நீ இழு." நல்ல நேரம் மதியத்துக்குச் சற்று முன்னர் முடிகிறது. அதற்குள் தாலி ஏற வேண்டும். கமலாக்காவுக்கு அந்த நேரம் தவறுவதைவிட உலகம் அழிவது பரவாயில்லை.

கல்யாணத்தன்று காலை யார்ட்டுக்குப் போனபோது கம்பம் மொட்டையாக நின்றது.

"அண்ணை, வேட்டி எங்க?"

"கமலா கழட்டிப்போட்டா. பிள்ளை வெளிக்கிடுற நல்ல நாளில கிழிஞ்ச வேட்டி கண்ணில படக்கூடாதாம்."

"அப்ப காத்தை எப்பிடிப் பாக்கிறது?"

"நல்ல நாளில காத்தடிக்காது" என்றார். இத்தனை வருடங்களில் அவர் வாயிலிருந்து இப்படியொரு வார்த்தை வந்து நான் கேட்டதில்லை. அபியின் கைத்தொலைபேசிக்குக் கார்த்திக் செய்தி அனுப்பியிருந்தான்: காற்று மோசம், கரவன் வேண்டாம். "அந்தப் பெடிக்கு எண்டைக்குத்தான் காத்தில்லை" என்று அண்ணை அதையும் தள்ளிவிட்டார்.

கரவன் ஏற்கெனவே நிரம்பியிருந்தது. மூக்குப் பக்கத்து ஜன்னலோரம் பிள்ளையார் படம், கும்பம், குத்துவிளக்கு. பலகாரத் தகரங்கள் சில்லுக்கு மேலே. அண்ணை தராசு வைத்துப் பார்த்தார், சரியாக இருந்தது. மூன்று சுற்றும் சுற்றிக் கதவைப் பூட்டினார். நான் காரை ஓட்ட, அண்ணை புதுப் பட்டு வேட்டியோடு பக்கத்தில். பின்னால் கமலாக்காவும் அபியும். அபியின் தலையலங்காரம் காரின் கூரையை முட்டியதால் பிள்ளை கழுத்தைச் சரித்துக்கொண்டு இருந்தாள்.

மோட்டர்வேயில் ஏறும் வரை ஒன்றுமில்லை. மரங்கள் முடிந்து வெளி தொடங்கியதும் காற்று காரின் பக்கத்தில் கையை வைத்தது. பரவாயில்லை, வேகத்தைக் குறைத்தேன். அப்போது ஒரு நீளமான லொறி எங்களை முந்திக்கொண்டு போனது. முதலில் தள்ளியது, பிறகு உள்ளே இழுத்தது. கண்ணாடியில் பார்த்தேன். கரவனின் வலப்பக்கம் தெரிந்தது. அடுத்த நொடி இடப்பக்கம் தெரிந்தது. காரின் பின்புறம் என் சொல் கேட்காமல் நடனமாடத் தொடங்கியது.

"பிறேக்! பிறேக் பிடி!" என்று கத்தினார் ஒருவர். வேறு யாருமல்ல, ராசதுரை அண்ணைதான். அவர் சத்தம் போட்டுக் கேட்டது எனக்கு அதுதான் முதல் தடவை.

"அப்பா, பிறேக் பிடிக்கக் கூடாது எண்டு நீங்கள்தானே சொல்லுறனீங்கள்?" என்றாள் அபி, சரித்த கழுத்தோடு.

"முருகா! முருகா!" என்றார் கமலாக்கா.

நான் ஒன்றும் செய்யவில்லை. செய்யாமல் இருக்க நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும். காலை மெதுவாக எடுத்தேன், ஸ்டியரிங்கை நேராகப் பிடித்தேன், வாயை மூடிக்கொண்டேன். ஆட்டம் பெருத்து, பிறகு சிறுத்து, கடைசியில் ஓய்ந்தது. அடுத்த வெளிவழியால் ஊர்ந்து இறங்கி, முதலில் கண்ட பெரிய கார் பார்க்கில் நிறுத்தினேன். செடிகொடி விற்கிற ஒரு கார்டன் சென்டர் அது.

"மூக்குப் பாரம் சரியாத்தானே இருந்தது?" என்று அண்ணை கரவனைத் திறந்தார். ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டு வால்வரை போனார். வாலில் இருக்கிற சின்னக் குளியலறைக் கதவைத் திறந்தவர் அப்படியே நின்றுவிட்டார். உள்ளே கருங்கல் அம்மி. பக்கத்தில் குழவி. குளிராமல் இருக்கட்டும் என்றோ என்னவோ, மேலே ஒரு துவாய் போர்த்தியிருந்தது.

"கமலா, இது எப்ப வந்தது?"

"நீங்கள் ரெண்டுபேரும் பூட்டிப்போட்டுத் தேத்தண்ணி குடிக்கப் போனாப் பிறகுதான் நினைவு வந்தது. அம்மி மிதிக்காமல் என்ன கலியாணம்? என்னட்டைத் திறப்பு இருக்குத்தானே, யார்ட்டுத் தம்பியவையைக் கொண்டு வைச்சனான்."

"முன்னுக்கு வைச்சிருக்கலாமே!"

"முன்னுக்குப் பிள்ளையார் இருக்கிறார். காலால மிதிக்கிற சாமானைச் சாமிக்குப் பக்கத்தில வைக்கிறதே? அதுதான் எவ்வளவு தூரத்தில வைக்க ஏலுமோ அவ்வளவு தூரத்தில வைச்சனான்."

பக்தியில் ஒரு குறையும் இல்லை. வால்தான் தாங்கவில்லை. நானும் அண்ணையுமாக மூச்சுத் திணற அம்மியை நகர்த்திச் சில்லுக்கு மேலே, தரையோடு வைத்தோம். பிள்ளையாருக்கும் அம்மிக்கும் இடையில் மரியாதைக்காக ஒரு திரையையும் இழுத்துவிட்டார் அக்கா.

"சரி, இனி ஆடாது. போவம்" என்றார் அண்ணை.

"அண்ணை, பாரம் சரி. காத்து?"

"உதெல்லாம் ஒரு காத்தே?"

"வேட்டிச் சோதனை செய்யேல்லையே."

"இஞ்ச வேட்டிக்கு எங்க போறது?"

"கட்டிக்கொண்டு நிக்கிறியள்."

இதைச் சொல்லியிருக்கக் கூடாது. நாங்கள் நின்ற இடம் ஒரு சுவரின் மறைவு. "உனக்குக் காத்தைக் காட்டுறன் பார்" என்று அண்ணை விறுவிறு என்று சுவருக்கு அப்பால் வெளியில் போய், இடுப்பில் கைவைத்துக்கொண்டு நின்றார். வேட்டி முதலில் படபடத்தது. பிறகு விறைத்தது. பிறகு, பட்டு என்பதால் வழுக்கிக்கொண்டு, ஒரேயடியாகக் கிளம்பிப் பூச்சட்டிகளுக்கு மேலால் பறந்து போயிற்று. கண்ணியமும் கழுத்துச் சங்கிலியுமாக நின்ற ராசதுரை அண்ணையின் கீழ்ப்பாதியில், அன்னாசிப்பழம் போட்ட கடற்கரைக் காற்சட்டை. வண்டியில் செடி தள்ளிக்கொண்டு வந்த ஒரு கிழவர் "குட் மோர்னிங்" என்றார். அண்ணையும் "குட் மோர்னிங்" என்றார்.

"வேட்டி பறந்தா அவ போகமாட்டா, அண்ணை" என்றேன்.

"சாவியைத் தா. நான் காரை ஓடுறன்."

"தரமாட்டன். கரவனை இஞ்ச விட்டிட்டுக் காரில போவம்."

"என்ர பிள்ளை கக்கூசுக்குள்ள நிண்டோ கூறை உடுக்கிறது? நல்ல நேரம் போகுது. சாவியைத் தாரும்."

தா போய்த் தாரும் ஆகிவிட்டது. சாவியைச் சட்டைப் பையில் போட்டுப் பொத்தானைப் பூட்டினேன். வீட்டுக் கடன் இருந்தது, பள்ளிக்கூடம் போகிற பிள்ளைகள் இருந்தார்கள். இருந்தாலும் அந்தப் பிள்ளையைக் காரில் ஏற்றிக்கொண்டு இன்னொரு முறை அந்த ஆட்டத்துக்குள் போக என்னால் முடியவில்லை.

அண்ணை நிமிர்ந்தார். அன்னாசிப்பழங்களும் நிமிர்ந்தன. "திரு. குணரத்தினம், நீங்கள் நாளையில இருந்து வேலைக்கு வரவேண்டாம்."

அபி அழத் தொடங்கியிருந்தாள். அப்போதுதான் அவளுடைய தொலைபேசி அடித்தது. கார்த்திக்.

"அபி, எங்க இருக்கீங்க? முன்னாடி ரோட்ட மூடிட்டாங்க. ஒரு லாரி காத்துல அப்படியே சாஞ்சிருச்சாம். டிரைவருக்கு ஒண்ணும் ஆகல. எங்க எல்லாரையும் வெளிய திருப்பி விடறாங்க."

எங்களை முந்திக்கொண்டு போன அதே லொறியா என்று தெரியாது. அண்ணை தொலைபேசியைப் பார்த்தார், மோட்டர்வேப் பக்கம் பார்த்தார், என்னைப் பார்க்கவில்லை. போய்க் கரவனின் படியில் இருந்தார்.

சற்று நேரத்தில், அபி இடம் சொல்ல, இல்ஃபோர்டிலிருந்து வந்த மாப்பிள்ளை வீட்டுக் கார்கள் வரிசையாக அதே கார் பார்க்குக்குள் இறங்கின. கார்த்திக் தலைப்பாகையோடு ஓடிவந்தான். அவனுடைய காரில்தான் ஐயரும், தாலியும், கூறைச்சேலையும். ஐயர் மணிக்கூட்டைப் பார்த்து உதட்டைப் பிதுக்கினார். இனி மண்டபத்துக்குப் போனால் நல்ல நேரம் முடிந்துவிடும். ஆளாளுக்குக் கையைப் பிசைந்தார்கள். அண்ணை தலையைத் தொங்கப்போட்டபடி இருந்தார். அவரை அப்படிப் பார்க்க எனக்கு, வேலை போன கவலையையும் மீறி, அழுகை வந்தது.

கமலாக்காதான் எழுந்தார். "ஏன் எல்லாரும் செத்தவீட்டில நிக்கிற மாதிரி நிக்கிறியள்? பிள்ளையார் இருக்கிறார். அம்மி இருக்கு. ஐயர் நிக்கிறார். பொம்பிளை மாப்பிளை நிக்கினம். இனி என்ன வேணும்? அபி, ஏறு உள்ளுக்கு. கூறையை உடு."

அதற்குப் பிறகு எல்லாம் கடகடவென்று நடந்தது. நான் கரவனைப் பின்னுக்கு எடுத்து, காற்றுக்குக் குறுக்காக நிறுத்தினேன். அதன் மறைவில் தீபம் அணையாத அளவுக்கு ஓர் அமைதியான இடம் உண்டாயிற்று. ஒரு வேலிக்கட்டையையும் இடிக்கவில்லை. பச்சை ஏப்ரன் கட்டிய மானேஜர் அம்மா வந்து விசாரித்தார். நெருப்பு மூட்டக் கூடாது என்று கண்டிப்பாகச் சொன்னவர், வாசலில் வாழை கட்டுவது வழக்கம் என்று அபி சொன்னதும், உள்ளே போய்ச் சட்டியில் வளர்த்த இரண்டு வாழைகளைத் தள்ளுவண்டியில் கொண்டுவந்தார். இலை கிழியாமல் திருப்பித் தர வேண்டும் என்று நிபந்தனை. அன்னாசிப்பழக் காற்சட்டையைப் பார்த்தவர், பனிக்குச் செடிகளைப் போர்த்துகிற வெள்ளைத் துணிச் சுருள் ஒன்றையும் சேர்த்துக் கொண்டுவந்தார். அண்ணை அதை வேட்டியாகக் கட்டினார். வடிவாகத்தான் இருந்தது. உடம்புக்கும் சூடாம்.

இப்போது தோழன் இல்லை. எங்கள் வழக்கத்தில் பெண்ணின் சகோதரன்தான் தோழனாக நின்று மாப்பிள்ளையை அழைத்துவர வேண்டும். அபிக்குச் சகோதரன் இல்லை, தோழனாக நிற்கவிருந்த பெரியம்மா மகன் எங்கேயோ வேறு வழியில் மாட்டிக்கொண்டான். அண்ணை என்னிடம் வந்தார்.

"குணம், தோழனா நில்."

"என்னை வேலையால நிப்பாட்டிப் போட்டியள் எல்லே?"

"அது நாளையில இருந்து. இண்டைக்கு நீ வேலையில நிக்கிறாய். வா."

நரைத்த தலையில் யாருக்கோ அளவெடுத்த தலைப்பாகை, உடம்பில் சாரதிகள் போடும் மஞ்சள் சட்டை. இந்தக் கோலத்தில் கார்த்திக்கின் கையைப் பிடித்து வாழைச் சட்டிகளுக்கு நடுவால் கூட்டிவந்தேன். மாப்பிள்ளை வீட்டுக் கிழவி ஒருவர் "பொண்ணோட அண்ணனுக்கு வயசு கொஞ்சம் ஜாஸ்தி போல" என்று சொன்னது என் காதில் விழுந்தது.

அக்கினிக்கு என்ன செய்வது என்று கேட்டபோது ஐயர் கரவனுக்குள் எட்டிப் பார்த்தார். "காஸ் அடுப்பு வேலை செய்யுமோ?"

"சோதிச்ச அடுப்பு" என்றார் அண்ணை பெருமையாக.

"அப்ப மூட்டுங்கோ. அக்கினி அக்கினிதான்."

படிக்கு முன்னால் தாலி ஏறியது. நல்ல நேரம் தப்பவில்லை. மேளமில்லாததால் எல்லாக் கார்களும் ஹோர்ன் அடித்தன. அண்ணை செடித் துணியால் கண்ணைத் துடைத்தார். அடுத்து அக்கினியை வலம்வர வேண்டும். அக்கினி கரவனுக்குள்ளே இருக்கிறது. ஆகவே பெண்ணும் மாப்பிள்ளையும் கரவனை மூன்று முறை சுற்ற வேண்டும் என்று ஐயர் சொன்னதும் அண்ணையின் முகத்தில் ஓர் ஒளி வந்தது. பழக்கதோஷம், அவரால் அடக்க முடியவில்லை.

"முதற்சுற்று! ரயரைப் பாருங்கோ!"

கார்த்திக் குனிந்து பார்த்தான். "ஓகே மாமா." ஐயர் மந்திரத்தை நிறுத்திக் காத்திருந்தார். இரண்டாவது சுற்றில் விளக்கு. மூன்றாவதில் கதவு, ஜன்னல். அபி சிரிப்பை அடக்கமுடியாமல் கூறைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டு வந்தாள்.

அம்மியை மீண்டும் மூச்சுத் திணற இறக்கினோம். அபி அதன்மேல் கால் வைக்க, கார்த்திக் மெட்டி போட்டான். "இனி அருந்ததியைப் பாருங்கோ" என்று ஐயர் வானத்தைக் காட்டினார். எல்லாரும் அண்ணாந்து பார்த்தோம். பட்டப்பகலில் நட்சத்திரம் தெரியவா போகிறது? ஆனால் அவர் காட்டிய திசையில், கார்டன் சென்டரின் விளம்பரக் கம்பத்து உச்சியில், ஒரு பட்டு வேட்டி சிக்கிக் கிடந்தது. விறைத்துக்கொண்டு.

"அவ இன்னும் போகமாட்டா" என்றார் அண்ணை. பலகாரத் தகரங்களைத் திறந்தோம். மானேஜர் அம்மா சீனி அரியதரம் இரண்டு சாப்பிட்டார், முறுக்கைக் கைப்பையில் வைத்துக்கொண்டார். வேட்டி தொங்கிய பிறகுதான் புறப்பட்டோம். பிறகு வழியெல்லாம் கரவன் ஆடவே இல்லை. மண்டபத்துக்குப் போனபோது சோறு ஆறியிருந்தது. நான் இரண்டு தரம் போட்டுச் சாப்பிட்டேன்.

அடுத்த நாள் காலை என்ன செய்வதென்று தெரியவில்லை. வழக்கமான நேரத்துக்கு விழிப்பு வந்துவிட்டது, போனேன். அண்ணை கம்பத்தில் பழைய வேட்டியைத் திரும்பக் கட்டிக்கொண்டிருந்தார். "எங்க பாத்துக்கொண்டு நிக்கிறாய்? கயிறைப் பிடி" என்றார். பிடித்தேன். வேலை நீக்கத்தைப் பற்றி அவரும் பேசவில்லை, நானும் கேட்கவில்லை. இப்படியே வருடங்கள் போயின. அண்ணை யார்ட்டை அபியிடம் ஒப்படைத்தார். அபி புதுக் கார், புது இயந்திரம் எல்லாம் கொண்டுவந்தாள். ஆனால் இன்றைக்கும் எந்தக் கரவன் புறப்பட்டாலும் அவள் சாரதியிடம் கேட்கிற கடைசிக் கேள்வி, "அம்மி எங்க இருக்கு?" துஷா அதன் அர்த்தம் தெரியாமலே ஒவ்வொரு நாளும் குளியலறைக் கதவைத் திறந்து பார்த்துவிட்டுத்தான் போகிறாளாம்.

என் கடைசி வேலைநாளன்று யார்ட்டில் ஒரு சின்ன விருந்து வைத்தார்கள். கேக், வடை, தேநீர். அண்ணை கைத்தடியோடு வந்திருந்தார், கம்பளிச் சட்டைக்கு மேலே அதே கழுத்துப்பட்டி. பேசச் சொன்னார்கள். எழுந்து நின்று என்னை நெடுநேரம் பார்த்தார். என்னைப் புகழப்போகிறார் என்று நினைத்து நான் தலையைக் குனிந்துகொண்டேன்.

"திரு. குணரத்தினம்" என்று தொடங்கினார். இரண்டு சாரதிகள் பழக்கத்தில் சிகரெட்டை எடுத்துக்கொண்டு வெளியே போகப் பார்த்தார்கள்.

"நாளையில இருந்து வேலைக்கு வரவேண்டாம் எண்டு உங்களுக்கு அண்டைக்கே சொன்னனான்" என்றார். கழுத்துப்பட்டியை நேராக்கினார். "நல்லவேளை, நீங்கள் கேக்கேல்லை."